தரையில் நிற்காத தூண்

கதவு மூடுபடவில்லை என்பதுதான் முறைப்பாடு. மேல்மாடியில் உள்ள படுக்கையறைக் கதவு. முன்பெல்லாம் தோளால் ஒரு இடி இடித்தால் மூடும், இந்த மாரியில் அதற்கும் மசியவில்லை என்று அங்கே குடியிருந்த ஆங்கிலேய அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தார். பழைய கட்டடங்களைச் சோதித்து, எங்கே பழுது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது என் வேலை. சர்வேயர் என்றால் எங்கள் ஆட்கள் காணி அளக்கிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை.

ஒரு கதவுக்காகச் சர்வேயரை அனுப்புவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடம். ஒரு ஆணி அடிப்பதானாலும் அனுமதி கேட்க வேண்டும். அதன் சொந்தக்காரர் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் சிறிய அறக்கட்டளை ஒன்று. உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருக்கலாம் என்ற உரிமையோடு அந்த அம்மா தனியாக இருந்தார். அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

நான் குடியிருக்கும் வெம்பிளியிலிருந்து மெட்ரோபொலிட்டன் ரயிலில் நகரத்துக்கு எதிர்ப்புறமாகப் போக வேண்டும். இதோடு லண்டன் முடிந்துவிட்டது என்று இரண்டு மூன்று தடவை தோன்றும். பிறகு மறுபடியும் வீடுகள் வரும். இறங்கி நடந்தால் ஒரு பெரிய விளையாட்டு மைதானம், அதன் கரையில் பாசி பிடித்த குளம், குளத்துக்கு அப்பால் அந்த வீடு. முன்பக்கம் செங்கல்லில் ஒழுங்காகக் கட்டி, சம அளவில் வெள்ளை யன்னல்கள் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் ஒருவர் குடியிருக்கக்கூடிய வீடு போலத்தான் இருந்தது. ஐநூறு வருடத்துக்கு மேல் பழையது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

செங்கல் முகம் பிற்காலத்தில் வந்தது. மரவீட்டில் இருப்பது நாகரிகக் குறைவு என்று எண்ணத் தொடங்கிய காலத்தில் அங்கே இருந்த பண்ணைக்காரர் ஒருவர் முன்பக்கத்துக்கு மட்டும் செங்கல் போர்த்தியிருக்கிறார். பக்கவாட்டில் சுற்றிப் போனால் உண்மை தெரியும். கறுத்த ஓக் மரச்சட்டங்கள், அவற்றுக்கிடையே வெள்ளையடித்த கட்டங்கள், நேராக ஒரு கோடுகூட இல்லாத கூரை. பின்பக்கம் முழுவதும், நிலத்திலிருந்து கூரைவரை, சாம்பல் நிறத்தில் சீமெந்து பூசியிருந்தது. அதைப் பார்த்தவுடனே எனக்குக் கதவின் காரணம் பாதி விளங்கிவிட்டது.

கதவைத் திறந்த அம்மா இரண்டு கம்பளிச் சட்டைகளும் தலையில் பின்னல் தொப்பியும் போட்டிருந்தார். வெளியே போகப் புறப்பட்டவர் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். "இல்லை, இது வீட்டு உடுப்பு," என்றார். தேநீர் தந்தார். நான் போன எந்த வீட்டிலும் அவ்வளவு சாயம் ஏறிய தேநீர் குடித்ததில்லை.

கதவைப் பார்த்தேன். கதவு நன்றாகவே இருந்தது. அது நின்ற சட்டம் ஒருபக்கமாகச் சரிந்து சாய்சதுரமாகியிருந்தது. அறையின் நிலம் பின்சுவரை நோக்கி இறங்கியிருந்தது. கட்டிலின் இரண்டு கால்களுக்குக் கீழே மரத்துண்டுகள் வைத்திருந்தார்.

"பின்சுவருக்குச் சீமெந்து எப்போது பூசினார்கள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் கலியாணம் செய்து அடுத்த கோடையில். என் கணவர்தான் பூசினார். தனியாளாக. வேலை முடிய நாற்காலியைப் புல்லில் போட்டு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஏதோ கடலைப் பார்ப்பது போல."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

இந்த மாதிரி வீட்டைச் சுவர் தாங்குவதில்லை. நிலத்தில் கிடையாகப் போட்ட அடிமரம், அதன்மேல் தூண்கள், தூண்களுக்குமேல் உத்தரங்கள், எல்லாவற்றையும் மர முளைகளால் பொருத்திய ஒரு கூடு. அந்தக் கூடுதான் வீடு. இடைவெளிகளில் கழிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். மழை பெய்தால் நனையும், காற்று வந்தால் காயும். சீமெந்து பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. மெல்லிய வெடிப்பு ஒன்று போதும், தண்ணீர் நுழைந்து கீழே இறங்கி அடிமரத்தில் தங்கிவிடும். ஓக் எவ்வளவோ தாங்கும் மரம். ஆனால் அரை நூற்றாண்டுக்குமேல் ஈரத்தில் ஊறினால் அதுவும் புட்டுப்போல ஆகிவிடும்.

அனுமதி எடுத்து, பின்மூலையில் சீமெந்தில் ஒரு சிறு துண்டைப் பெயர்த்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அதற்குக் கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரும் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இரும்பும் கொங்கிறீற்றும் படித்துவிட்டு இங்கே வந்து பழைய மரக்கட்டடங்களில் மயங்கிப்போனவர். முன்பும் சில இடங்களில் சேர்ந்து வேலை செய்திருக்கிறோம். மற்றவர்கள் நிற்கும்போது ஆங்கிலம், தனியாக நின்றால் தமிழ்.

முதலில் அவர் கூரைக்குள் ஏற வேண்டுமென்றார். அம்மாவின் படுக்கையறைக்கு மேலே ஒரு சிறு திறப்பு இருந்தது. ஏணி வைத்து ஏறி, டோர்ச்சை அடித்தோம். கைமரங்கள் எல்லாம் கரிக்கறுப்பு. தொட்ட விரலில் புகைக்கரி ஒட்டியது.

"அக்கா, பாத்தீங்களா? தீ விபத்து இல்ல இது. அடுப்புப் புகை."

"அடுப்பு இஞ்ச மேல எப்பிடி?"

"அப்ப இந்த மாடியே இல்லைங்க. கீழ இருந்து கூரை வரைக்கும் ஒரே கூடம். நடுவுல தரையில நெருப்பு. புகை எல்லாம் மேல வந்து ஓட்டுச் சந்துல வெளிய போகும்."

அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவர் சொல்லும்போது, கீழே கட்டில் போட்டிருந்த அந்த அறை அந்தக் காலத்தில் வெறும் புகை நிறைந்த காற்றாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் கூடத்தில்தான் ஊர் மன்று கூடியிருக்கிறது. நிலம் முழுவதும் தூரத்திலிருந்த ஒரு தேவாலயத்துக்குச் சொந்தம். சொந்தக்காரர்கள் ஒருநாளும் இங்கே வந்து இருக்கவில்லை. அவர்களுடைய ஆள் ஒருவர் வந்து மேசை போட்டு உட்கார்ந்து, யாருடைய மாடு யாருடைய பயிரை மேய்ந்தது, இறந்தவனின் நிலம் யாருக்கு என்று விசாரித்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் பண்ணைக்காரரும் குடும்பமும் வேலையாட்களும் அதே கூடத்தில் சாப்பிட்டு, அதே நெருப்பைச் சுற்றிப் படுத்திருப்பார்கள். பிறகு யாரோ செங்கல்லில் ஒரு புகைக்கூண்டு கட்டினார்கள். புகைக்கு வழி கிடைத்ததும் கூடத்தின் நடுவே மாடி போட்டு இரண்டாக்கினார்கள்.

இறங்கி வந்து கீழே அந்த அடுப்பைப் பார்த்தோம். அதற்கு மேலே கிடந்த பெரிய உத்தரத்தில் கண்ணீர்த்துளி வடிவத்தில் சூட்டுத் தழும்புகள் வரிசையாக இருந்தன. மெழுகுதிரியை வேண்டுமென்றே பிடித்துச் சுட்டவை. புகைக்கூண்டு வழியாகக் கெட்டது எதுவும் இறங்கிவரக் கூடாது என்பதற்காக.

"திருஷ்டிக்கு," என்றார் பொறியியலாளர்.

"நாங்கள் நாவூறு எண்டு சொல்லுவம்," என்றேன்.

அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கினேன். "அது வேலை செய்ததென்று நினைக்கிறேன். என் மாமியார் ஒருநாளும் புகைக்கூண்டு வழியாக வரவில்லை," என்றார்.

பின்மூலையில் சீமெந்தைப் பெயர்த்தபோது அது தட்டையான பலகைபோல் கழன்று வந்தது. பின்னாலிருந்த மண் ஈரமாக, குளக்கரை வாசத்தோடு இருந்தது. பொறியியலாளர் புல்லில் முழங்காலிட்டு, மூலைத்தூணின் அடியில் கையை விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, நீங்களே கையை விட்டுப் பாருங்க."

விட்டேன். தூணின் அடி எங்கேயோ முடிந்துவிட்டது. அதற்குக் கீழே என் கை தடையில்லாமல் உள்ளே போனது. அடிமரம் இருந்த இடத்தில் ஈரத்தூள்.

"ஒண்டுமே இல்லை, தம்பி!"

"ஆமா. இந்தத் தூண் தரையில நிக்கவே இல்லைங்க. தூண் வீட்டைத் தாங்கல, வீடுதான் தூணைத் தூக்கிப் புடிச்சிட்டு இருக்கு."

"அப்ப இது எப்பிடி விழாமல் நிக்குது?"

"மேல உத்தரம், பக்கத்துத் தூணு, அந்தச் சாய்வுக் கட்டை எல்லாம் பாரத்தைப் பங்கு போட்டுக்குது. மரவீடு அப்படித்தான், ஒருத்தன் போனா மத்தவங்க புடிச்சுக்குவாங்க. ஆனா எத்தனை காலத்துக்குன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது."

அன்றே தற்காலிக முட்டுக்கள் கொடுத்தோம். திருத்த வேலைக்குப் பின்சுவர் முழுவதையும் திறக்க வேண்டும், அடிமரத்தை மாற்ற வேண்டும், மூன்று தூண்களுக்கு உக்கிய அடியை வெட்டிப் புதிய கால் ஒட்ட வேண்டும். ஒரு வருடம் எடுக்கலாம். அதுவரை அந்த வீட்டில் யாரும் இருக்க முடியாது.

அதை அம்மாவிடம் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நீங்கள் அவரோடு நன்றாகப் பழகுகிறீர்கள் என்று அறக்கட்டளையில் சொன்னார்கள். வீட்டை விட்டு வெளியேறுங்கள் என்று ஒருவரிடம் சொல்கிற வேலை எனக்கு வாய்க்கும் என்று நான் நினைத்ததில்லை. ஊரில் போர் நடந்த காலம், எனக்குப் பத்து வயதில், எங்கள் வீட்டுக்கு அதைச் சொல்ல ஒலிபெருக்கியோடு ஒரு வாகனம்தான் வந்தது.

அம்மா கேட்டு முடித்து, "முடியாது," என்றார்.

"ஒரு வருடம்தான். சாமான்களையெல்லாம் நாங்களே ஏற்றி இறக்குவோம்."

"நான் இந்த வீட்டுக்கு வந்தது கலியாண உடுப்போடு. அதற்குப் பிறகு ஒரு இரவுகூட வெளியே தங்கவில்லை, பிள்ளை பெறப் போன நேரம் தவிர. முட்டுக் கொடுத்துவிட்டீர்கள்தானே? போதும்."

மகள் நியூசிலாந்தில் இருந்தார். அவர் தொலைபேசியில் அழுதும் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். அறக்கட்டளை நல்ல விடுதி ஒன்றில் அறை எடுத்துத் தருவதாகச் சொன்னது. விடுதி என்பது செத்தவீட்டுக்கு வரும் உறவினர் தங்கும் இடம் என்றார் அம்மா. நான் மூன்று வாரமாக ஒவ்வொரு சாக்குச் சொல்லிப் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் தேநீர் கிடைத்தது, சம்மதம் கிடைக்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். என் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். காலை ஷிப்ட் முடித்து வந்து சமைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"அந்த அம்மா வெளிக்கிடமாட்டன் எண்டு நிக்கிறா. அவவை அங்க விடவும் ஏலாது. காத்தடிக்கிற நாளில எனக்கு நித்திரை வருகுதில்லை."

"எங்க போகச் சொல்லுறீர் அவவை?"

"விடுதிக்கு. இல்லாட்டி ஏதாவது ஒரு பிளற்றுக்கு."

"ஏதாவது ஒரு பிளற் எண்டால் ஆர்தான் போவினம்? எங்கட கட்டடத்தில கீழ்வீடு சும்மாதானே கிடக்கு. அதைச் சொல்லிப் பாருமன். தெரிஞ்ச ஆக்கள் மேல இருக்கினம் எண்டால் ஒரு தெம்பு."

அதுவரை அந்த யோசனை என் மூளைக்கு எட்டவேயில்லை. அந்தத் தொடர்மாடியின் தரைத்தளத்தில் இரண்டு மாதமாக ஒரு வீடு வெறுமையாகத்தான் இருந்தது. அறக்கட்டளையிடம் கேட்டேன். நான் அங்கே குடியிருப்பதையும் சொன்னேன். அவர்களுக்கு ஆட்சேபனை இருக்கவில்லை.

அடுத்த முறை போனபோது அதைச் சொல்வதற்கு முன்னரே அம்மா வேறொன்றைக் கேட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. குசினி மேசையில் எனக்கு எதிரே இருந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுவரை எல்லாரும் என்னிடம் என்ன செய்யப்போகிறார்கள் என்றுதான் சொன்னார்கள். அந்த மரம் ஏன் உக்கிப் பழுதானது என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்."

பொதுவாக ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். வயது, மழை, பூச்சி, எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சீமெந்து," என்றேன். "உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போய்விட்டது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நல்லதென்றுதான் நினைத்தார்கள். புத்தகங்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தது."

தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"அவருக்குத் தெரியாமலே போனது நல்லது," என்றார். பிறகு, "அதை உடைத்துத்தான் எடுப்பீர்களா?"

"ஆம். முழுவதையும்."

"சத்தமாக இருக்குமா?"

"இருக்கும்."

"அப்படியானால் நான் இங்கே இருக்க மாட்டேன். அதை இருந்து பார்க்க என்னால் முடியாது. எங்கே அனுப்புகிறீர்களோ அனுப்புங்கள்."

இப்படித்தான் அவர் வெம்பிளிக்கு வந்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வானொலி, கணவரின் படம். பாரவண்டியில் வந்த சாமான்கள் அவ்வளவுதான். என் கணவர் மேசையை வைத்துவிட்டு, ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடவில்லை. அம்மாவும் ஒரு கையால் அழுத்திப் பார்த்தார். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். எதற்கும் கீழே எதுவும் வைக்கத் தேவையில்லை என்பது அவருக்கு ஒரு புதினமாக இருந்தது.

முதல் வாரம் தினமும் இறங்கிப்போய்ப் பார்த்தேன். அழுதுகொண்டிருப்பார் என்று எதிர்பார்த்தேன். யன்னலோரம் இருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கதவைத் தட்டியபோது ஆளில்லை. பயந்து வெளியே ஓடிப்போனால், எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடையில் வெண்டிக்காயை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். அது ஒருவகை அவரைக்காய் என்று எண்ணி ஏற்கெனவே ஒருநாள் வாங்கி, உப்புத் தண்ணீரில் அவித்துச் சாப்பிட்டிருக்கிறார். "மிகவும் வழுவழுப்பு," என்று முறையிட்டார். என் கணவர் பொரித்துக் காட்டினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வரத் தொடங்கினார். உறைப்பைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிடுவார்.

அங்கே வேலை தொடங்கியது. சீமெந்தை உடைத்து எடுக்க இரண்டு வாரமாயிற்று. அவர் கணவர் திறமாகத்தான் வேலை செய்திருந்தார். இலேசில் கழலவில்லை. அது போன பிறகு மரச்சட்டம் முழுவதும் வெளியே தெரிந்தது. மரங்கள் சேரும் இடங்களிலெல்லாம் உளியால் கீறிய குறிகள். முதலில் வேறொரு இடத்தில் நிலத்தில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, இந்த மரம் இந்த மரத்தோடு என்று அடையாளம் போட்டு, கழற்றி வண்டியில் கொண்டுவந்து இங்கே நிமிர்த்தியிருக்கிறார்கள். அடையாளங்களை வரிசையாகத் தொடர்ந்தபோது ஓரிடத்தில் ஒழுங்கு குழம்பியிருந்தது. பொறியியலாளர் அதன்முன் அரைமணி நேரம் நின்றார்.

"ரெண்டு கட்டையை மாத்தி வச்சுட்டாங்க அக்கா," என்றார் கடைசியில், பெரிய சந்தோஷத்தோடு. "ஐநூறு வருஷமா யாரும் கவனிக்கல!"

பின்சுவரின் நடுவே ஒரு வாசல் இருந்ததற்கான தடமும் கிடைத்தது. முளைகள் அடித்த துளைகள், கதவுநிலையின் வளைவு. முன்வாசலுக்கு நேரெதிரே பின்வாசல். கூடமாக இருந்த காலத்தில் இரண்டுக்கும் இடையில் ஆட்கள் குறுக்காக நடந்துபோயிருக்கிறார்கள். புகைக்கூண்டைக் கொண்டுவந்து அந்த வழியின் நடுவில் கட்டியபோது பின்வாசலை அடைத்துவிட்டார்கள். மூலைத்தூணில் வேறொரு விஷயம். அதன் கால் முன்பும் ஒருமுறை உக்கி, யாரோ ஒரு தச்சர் புதிதாக ஒட்டியிருந்தார். எப்போது என்று தெரியாது. சீமெந்துக்கு மிக முந்தியது. சீமெந்து இல்லாமலும் இந்த வீடு உக்கியிருக்கிறது என்பதை அன்றிரவே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "நீங்கள் நல்ல பெண்," என்றார். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

மாசியில் ஒருநாள் அவரே பார்க்க வேண்டுமென்று கேட்டதால் கூட்டிப்போனேன். அப்போது களிமண் நிரப்பு இரண்டு கட்டங்களில் மட்டும் பழையபடி மிஞ்சியிருந்தது. அதை அப்பியவர்களின் விரல் தடங்கள் அப்படியே பதிந்து காய்ந்திருந்தன. சின்ன விரல்களும் இருந்தன. பொறியியலாளர் அவற்றைக் காட்டி, குரல் தழுதழுக்க விளக்கினார். அம்மா மரியாதையாகக் கேட்டுவிட்டு, வேலையாட்களின் கழிப்பறை எங்கே என்று விசாரித்தார்.

தூணை இறக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதிய அடிமரம் பச்சை ஓக், வெட்டி இன்னும் காயாதது. பச்சையாக இருக்கும்போதுதான் செதுக்க வளையும், பிறகு காய்ந்து முளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தூணுக்குப் புதிய கால் ஒட்டியிருந்தார்கள். தூணைத் தூக்கிப் பிடித்திருந்த ஜாக்குகளை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினார்கள். வீடு முனகியது, கப்பல் முனகுவதுபோல. கால் அடிமரத்தின் குழியில் உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. பொறியியலாளர் பக்கவாட்டில் கடதாசி ஒன்றைச் செருகிப் பார்த்தார். போகவில்லை. "நிக்குது," என்றார். தச்சர்களில் ஒருவர் தேநீர் வைக்கப் போனார். நான் வெளியே குளக்கரைக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அது குளிரினால் என்று பொறியியலாளரிடம் சொன்னேன்.

பிறகு பழைய முறையில் கழி பின்னி, மண் அப்பி, சுண்ணாம்பு பூசி, சித்திரையில் வேலை முடிந்தது. அறைகளைத் துப்புரவாக்கி, குசினி மேசையில் பூச்சாடி வைத்து, அம்மாவைக் கூட்டிவந்தேன். பொறியியலாளரும் வேறு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அம்மா ஒவ்வொரு அறையாகப் போனார். மேல்மாடிக் கதவை விரலால் தள்ளி மூடினார், திறந்தார். பின்பக்கம் போய் வெள்ளைச் சுவரைக் கொஞ்சம் தூரத்தில் நின்று பார்த்தார். சுண்ணாம்பில் உள்ளங்கையை வைத்தார்.

"மிக அழகாகச் செய்திருக்கிறீர்கள்," என்றார் எங்கள் இருவரிடமும். "உண்மையிலேயே அழகு. நான் திரும்பி வரமாட்டேன்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "உங்கள் சாமான்களை அடுத்த கிழமை..."

"இல்லை. வெம்பிளியிலேயே இருக்கிறேன். அறக்கட்டளையோடு மகள் பேசிவிட்டாள். நான்தான் உங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. வேலைத்தலத்தில் நான் கோபப்படுவது குறைவு. "இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று மூன்று வாரம் என்னை அலைக்கழித்தீர்களே," என்று சொல்லிவிட்டேன்.

அவர் புல்லில் கிடந்த தச்சர்களின் கட்டை ஒன்றில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"கலியாணம் செய்து வந்த முதல் மாரியில் எனக்கு இந்த வீட்டில் தாங்க முடியாத குளிர். அழுதிருக்கிறேன். அதற்காகத்தான் அவர் அந்தச் சுவரைப் பூசினார். பகலில் மாடு, பின்னேரத்தில் சுவர். முடித்துவிட்டு, அடுத்த மாரி வந்ததும் கேட்டார், இப்போது எப்படியிருக்கிறது என்று. நல்ல சூடாக இருக்கிறது என்று சொன்னேன்."

"சூடாக இருந்ததா?"

"இல்லவே இல்லை. முன்பைவிட ஈரக்குளிர். ஆனால் ஒருதரம் சொன்னதை எப்படி மாற்றுவது? அவர் சாகும்வரை, எனக்குக் குளிர்வதே இல்லை என்று நடந்துகொண்டேன். அவர் போன பிறகும் அப்படியே இருந்துவிட்டேன். வேறு எங்காவது போனால், அவர் கட்டிய சுவர் போதாது என்று சொன்னதுபோல ஆகிவிடும். இப்போது அந்தச் சுவர் இல்லை. யாரையும் புண்படுத்தாமல் நான் போகலாம்."

பொறியியலாளர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் வேறு ஏதோ ஒன்று கொஞ்ச நாள் இருந்தது. அந்த வீட்டை அவருக்காகத்தான் திருத்துகிறேன் என்று ஒரு வருடம் எண்ணியிருந்தேன். உண்மையில் அதை விரும்பியது நானும் பொறியியலாளரும்தான். அம்மா அங்கே இருந்தது ஒரு மனிதருக்காக. இதை அன்றிரவு என் கணவரிடம் சொன்னபோது, "ஓம், அதில என்ன பிழை? மனுசருக்காகத்தானே வீடு," என்றுவிட்டு, கீழே போய் அம்மாவின் வானொலிக்குப் புது பற்றரி போட்டுக்கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டை அறக்கட்டளை ஓர் இளம் குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறது. அவர்கள் நிலத்துக்குக் கீழே சூடு ஓடும் குழாய் போடலாமா என்று கேட்டார்கள். முன்பென்றால் ஆயிரம் ஆட்சேபனை சொல்லியிருப்பேன். ஒரு பகுதியில் போட வழி கண்டுபிடித்துக் கொடுத்தேன். வருடத்தில் ஒருநாள் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். கூரையின் கரியைப் பார்க்க ஆட்கள் ஏணியடியில் வரிசையில் நிற்பார்கள்.

போன கோடையில் எசெக்ஸ் பக்கமாக ஒரு பழைய களஞ்சியத்தைப் பார்க்கப் பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை, வேலைக்காக இல்லை, சும்மா பார்க்கத்தான். கார்ப் பயணம் என்றதும் அம்மாவும் வந்தார். போய் இறங்கியபோது களஞ்சியம் கோயில் மாதிரி உயர்ந்து நின்றது. பொறியியலாளர் ஏற்கெனவே வாயைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"வாருங்கள், உத்தரங்களைப் பாருங்கள்," என்றேன்.

"நீங்கள் போங்கள். நான் என் பங்கு மரத்தைப் பார்த்து முடித்துவிட்டேன்," என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதிரே இருந்த தேநீர்க்கடையை நோக்கி நடந்தார். இரண்டு மணி நேரம் கழித்து நாங்கள் புழுதியோடு அங்கே போனபோது கடைக்காரப் பெண்ணோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த கேக்கில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை நானும் பொறியியலாளரும் பாதிபாதியாகச் சாப்பிட்டோம்.